அக்கரைக்கு ஒரு கையெழுத்து

தேநீர் நன்றாக இருக்கிறது. இந்த மாதிரி அலுவலகங்களில் வெந்நீரைத்தான் நிறம் மாற்றிக் கொடுப்பார்கள். முப்பது வருடமாகக் குடித்துப் பழகியவன் நான். சுருக்கெழுத்து அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னதற்கும் நன்றி, ஐயா. உங்கள் விசாரணைக் கமிஷனில் நாளைக்கு என் அக்கா சாட்சி சொல்ல வருகிறாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், அந்தப் படகு ஏன் கவிழ்ந்தது என்று நானே உங்களிடம் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

ஐந்து முறை சட்டமன்றத்துக்குப் போனேன். ஐந்து முறையும் என்னை அனுப்பிவைத்தது எதிர்க்கரைதான். ஆஸ்பத்திரி, கடைத்தெரு, கோர்ட்டு எல்லாம் இந்தப் பக்கம். பதினொரு கிராமம் அந்தப் பக்கம். நடுவில் ஆறு. அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் தேர்தலில் பாலம் கட்டுவேன் என்று சொன்னபோது, நம்புங்கள், மனதாரத்தான் சொன்னேன்.

ஜெயித்ததும் பொறியாளர்களைக் கூட்டிவந்தேன். மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள், வரைபடமும் தயாரானது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தொகுதிக்காரர் தோற்றுப்போனார். சொன்னபடி ஆஸ்பத்திரி கட்டித் திறந்துவைத்தவர் அவர். திறந்த அடுத்த வருடமே ஜனங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் தேர்தல் வேலையெல்லாம் பார்த்தது மச்சான், என் மனைவியின் அண்ணன். செய்தித்தாளை மடித்து என் முன்னால் போட்டார்.

“பாத்தியா மாப்ள? ஆறு கடக்குற வரைக்கும்தான் அண்ணன் தம்பி. கடந்துட்டா நீ யாரு, நான் யாரு? கட்டு, நல்லா கட்டு. கட்டிட்டு வீட்ல உக்காந்து வேடிக்க பாரு.”

நான் சிரித்தேன். சிரிப்போடு விட்டிருக்கலாம். மறுவாரம் தலைமைப் பொறியாளரிடம், “அந்த எடத்துல மண்ணு சரியில்லன்னு சொல்றாங்களே, இன்னும் கொஞ்சம் மேல தள்ளிப் பாக்கலாமா?” என்று கேட்டேன். கேட்டது மட்டும்தான். பதவியில் இருப்பவன் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அடுத்த தேர்தலுக்கு முன் மேலே அளந்தார்கள். அதற்கடுத்ததற்குக் கீழே. சிவப்புக் கொடி கட்டிய கம்புகளை நட்டுக்கொண்டு நாலு பேர் கரையோரம் நடந்தால் போதும், ஐயா. பாலத்தைக் காட்டி ஒரு தடவைதான் ஓட்டுக் கேட்கலாம். கம்பைக் காட்டி எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

வெட்கமாக இல்லையா என்றால், இருந்தது. அக்கா கண்ணில் படும்போதெல்லாம் இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அவள்தான் அந்தக் கரையில் வீடு வீடாக ஏறி இறங்குவாள். “எந்தம்பி சொன்னா செய்வான், கொஞ்சம் பொறுங்க” என்பாள். பொறுத்தார்கள். அவளுக்குத் தலை நரைத்தது.

அப்புறம், வழக்கத்துக்கு மாறாக, சொந்த மாநிலத்துக்கே என்னை ஆளுநராக்கினார்கள். காலியான தொகுதியில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் ஜெயித்தார், பள்ளிக்கூட வாத்தியார். ஒரே வருடத்தில் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் பேசி, பாலத்துக்கு நிலம் எடுக்கும் மசோதாவைச் சபையில் நிறைவேற்றிவிட்டார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பதவிக்காலம் முடிந்ததும் அதே தொகுதிக்குத் திரும்புவது என்று நான் தீர்மானித்திருந்தேன். பாலத்தில் வாத்தியார் பெயர் ஏறிவிட்டால் அங்கே எனக்கு என்ன வேலை? விளக்கம் தேவை என்று திருப்பி அனுப்பினேன். விளக்கத்தோடு வந்தது. மேசை இழுப்பறையில் வைத்தேன். இரண்டு வருடம் அங்கேயே கிடந்தது.

அக்கா ஒருநாள் பார்க்க வந்தாள். நனைந்த செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

“தம்பி, நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்னு அந்த வாத்தியார் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. நிசமாடா? மருமக வந்திருக்கா. நாளைக்கு அவ முழுகாம இருந்தா, வலி எடுத்தா, இந்தக் கரைக்குத்தானே தூக்கிட்டு வரணும்?”

“அதுல சட்டச் சிக்கல் இருக்குக்கா.”

“அப்படிச் சொல்லு. அது தெரியாம உன்னப் போயி பேசறாரே அந்த மனுசன்.”

ஊருக்குப் போய் நடுத்தெருவில் வாத்தியாரை நிறுத்தி எனக்காகச் சண்டை போட்டிருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் மருமகளுக்கு வலி கண்டது. காலை ஒன்பதரை மணி. ஆற்றில் வெள்ளம். படகோட்டி முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறான். ஒரு பெண் துடிக்கும்போது எவனால் முடியாது என்றே நிற்க முடியும்? படகு கிளம்புவதைப் பார்த்து, இரண்டு நாளாகக் கரையில் மாட்டிக்கொண்டிருந்தவர்களும் ஏறிவிட்டார்கள். பன்னிரண்டு பேருக்கான படகில் இருபத்தாறு பேர். பத்தொன்பது உடல்களை எடுத்தார்கள். மருமகளுக்குள் இருந்ததைச் சேர்த்தால் இருபது. அக்காவைக் கயிறு போட்டு இழுத்தார்கள்.

நான் போனபோது வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “ஒரு கையெழுத்துக்கு எத்தன உசுருங்க?” என்று கேட்டார். ஈரத் துணியோடு அக்கா எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அவன ஒண்ணும் சொல்லாதீங்க. சட்டச் சிக்கல்னா அவன் என்ன பண்ணுவான்?”

கூட்டம் அடங்கிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைத்து யாரோ என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அந்தக் கை இன்னும் முதுகில் இருக்கிறது, ஐயா.

அதற்குப் பிறகாவது கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டால், சிக்கல் எதுவும் இருந்ததில்லை என்று ஆகிவிடும். போடவில்லை. சபை கலைந்தது, மசோதாவும் அதோடு போயிற்று. நானும் பதவியை விட்டு இறங்கினேன். அளவுக்கு மீறி ஆள் ஏற்றினான் என்று படகோட்டியை உள்ளே வைத்திருக்கிறார்கள். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அத்தனை பேரையும் கொன்றது நான். அக்கா நாளைக்கு வந்து, என் தம்பி பேரில் குற்றம் இல்லை என்று சத்தியம் செய்து சொல்லுவாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

சுருக்கெழுத்து அம்மாவைக் கூப்பிட்டு இதை எழுதிக்கொள்ளலாமா என்கிறீர்கள். தாராளமாக. மறைக்க நினைத்தால் நான் வந்தே இருக்கமாட்டேன். ஆனால் இன்றைக்கு வேண்டாம். அக்கா சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கரையில் அவள் பேச்சுக்குத்தான் மதிப்பு. படகோட்டி இன்னும் இரண்டு மாதம் உள்ளே இருப்பதால் குடி முழுகிவிடாது. அடுத்த மாதம் தேர்தல் முடிந்ததும் நானே வந்து, வரிக்கு வரி எழுதிக் கொடுக்கிறேன். இந்த ஒரு தடவை நான் ஜெயித்தே ஆகவேண்டும், ஐயா. இல்லாவிட்டால் அந்த ஜனங்களுக்கு யார் பாலம் கட்டிக் கொடுப்பார்கள்?