குழி இல்லாத வூடு

— சோளக்குழியும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. இருக்கறது ரெண்டு சட்டி, அதையும் கவுத்து வச்சிருக்கு. போயிட்டு வாங்க.

— அக்கா, தண்ணி குடுத்த புண்ணியத்தோட செத்த நெழலையும் குடுங்க. அரியலூர்ல ரயிலு எறங்குனதுலேருந்து அலைச்சல். சிறுவாச்சூர் தாண்டினதும் செருப்பு வாரு அறுந்துபோச்சு. அதுக்கப்புறம் அது என்னையத் தூக்கல, நாந்தான் அதைத் தூக்கிட்டு வந்தேன்.

— ஒக்கார நேரமில்லங்க. பஸ்ஸு இப்ப வந்துரும்.

— பஸ்ஸு போனா போவட்டும், நடக்கத்தான் பொறந்திருக்கேன். பேரு மிக்கேல், ஏலாக்குறிச்சி. பட்டணத்து சர்வகலாசாலையில ஆராய்ச்சி. முப்பது வயசாகியும் படிக்கிறானேன்னு எங்கப்பா என்னைய வெளிய சொல்லிக்கிறதில்ல.

— போன வருசமும் ஒருத்தரு இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே வந்தாரு. மறுநா வண்டியோட வந்து, சர்க்காரு கொள்முதல்னு வெதைச்சோளம் வரைக்கும் அள்ளிக்கிட்டுப் போனாரு. செருமன்காரன் சண்டைதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்னத்துக்கு எங்க தவசத்து மேல கண்ணு? கத்தாழைக் கெழங்க அவிச்சுக் குடுத்தேன் புள்ளைங்களுக்கு. கடைக்குட்டிக்கு ஒத்துக்கல. போய்ச் சேந்துட்டான்.

— ஐயோ... பச்சைப் புள்ளைய இப்படிப் பறிகுடுத்துட்டீங்களேக்கா.

— ஒண்ணும் சொல்ல வேணாம். கெளம்புங்க.

— நான் கொள்முதல் ஆளு இல்லக்கா. எனக்கு வேண்டியது சோளமில்ல, பழங்கதை. நூறு வருசத்துக்கு முன்னால இந்தப் பக்கத்துச் சோளம் எப்படி யாவாரமாச்சுன்னு பாக்குறேன். குழி வச்சிருந்த குடியானவன் வெலை ஏறட்டும்னு பொறுத்திருந்தான். இல்லாதவன் களத்துலயே யாவாரி சொன்ன வெலைக்குக் குடுத்தான். இதான் என் கட்சி. எங்க வாத்தியாரு, குழியக் கண்ணால பாத்திருக்கியான்னாரு. இல்லைன்னேன். அப்ப பட்டத்தையும் கனவுல வாங்கிக்கன்னுட்டாரு.

— இங்க இல்லன்னு சொல்லிப்புட்டேன்ல.

— செங்கமலம் நீங்கதானக்கா? உங்க மாமனாரு வெட்டுன குழி, ரெண்டாளு ஒசரம்னு கீழத்தெருவுல சொன்னாங்களே.

— அது தூந்துபோச்சு, சொல்லிப்புட்டேன்.

— தூந்த குழின்னாலும் போதும். வாய் அகலத்தை மட்டும் அளந்துட்டு ஓடிடறேன். உள்ள எறங்கமாட்டேன், பயப்படாதீங்க. பழைய கலெக்டராபீசு காகிதத்துல படிச்சிருக்கேன். மூடிக் கெடக்குற குழியில விஷக்காத்து நிக்குமாம். வெளக்கை எறக்குனா அணைஞ்சுபோயிருமாம். எறங்குன ஆளு கூப்பாடு போடறதுக்குள்ள... என்னக்கா, ஏன் காலடியவே பாக்குறீங்க?

— போவமாட்டீங்களா சாமி? கையெடுத்துக் கும்புடறேன்.

— அக்கா! நான் என்ன பண்ணிட்டேன்?

— சர்க்காரு ஆளு இல்லன்னா இந்தக் காக்கி என்னத்துக்கு? அதைச் சொல்லுங்க மொதல்ல.

— இந்த நிஜாரா? என் மச்சானோடது. தபாலாபீசுல இருக்காரு. என்னுது ரெண்டும் ஒக்கார்ற எடத்துல கிழிஞ்சுபோச்சு. ஆராய்ச்சின்னா வேற என்ன, ஒக்கார்றதுதானே.

— புள்ளைங்க மேல சத்தியம் பண்ணுங்க.

— எனக்கு யாரு பொண்ணு குடுத்தா, புள்ளைங்க இருக்க? எங்காத்தா மேல சத்தியம். அடைக்கல மாதா மேல சத்தியம். உங்க சோளத்துல ஒரு மணி தொடமாட்டேன்.

— அப்ப வாங்க, ஓடியாங்க! எங்காலுக்கடியில இருக்கற இந்தச் சோளத்தட்டையத் தள்ளுங்க, கீழ பலகைக்கல்லு. தூரத்துல காக்கியக் கண்டதும் நாந்தான் இழுத்து மூடுனேன். எங்க வூட்டுக்காரரு உள்ள சோளம் அள்ளிக்கிட்டிருந்தாரு, ஏறி வர நேரமில்ல. எங்காலுக்குத் தெரிய கல்லத் தட்டிக்கிட்டே இருந்தாருங்க... நீங்க பழங்கதைய ஆரம்பிச்சப்ப நின்னுபோச்சு.