சாவிப் படம்

ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் நம் வீட்டு ஆண்கள் முதலில் அதைத் தொடையில் தட்டுவார்கள். பிறகு வாயால் ஊதுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். உன் அப்பாவும் அந்த வரிசை மாறாமல்தான் வந்தான்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன் கண்ணு, உட்கார்ந்து கேள். அலமாரி அடியில் கிடந்த அந்தச் சின்ன பாட்டு பிளேயரை எடுத்துப் புது பேட்டரி போட்டுப் பார்த்திருக்கிறாய். நன்றாக ஓடுகிறது, உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. உன்னைப் பெற்றவளின் குரல் அதில்தான் இருந்தது, உள்ளே கருகிப் போய்விட்டது என்றுதானே உனக்குச் சொல்லியிருந்தோம். கருகவில்லை. அது வரைக்கும் நீ கண்டுபிடித்தது சரி.

அவளுக்கு இதயம் பலவீனம். பிழைக்க மாட்டோம் என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். கடைசி இரண்டு மாதமும் உனக்காகப் பேசிப் பேசி அந்த பிளேயரில் பதிவு செய்து வைத்தாள். நாற்பத்து மூன்று பதிவுகள். தாலாட்டு, கொஞ்சல், பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டியே நாலு திட்டு. நல்ல பெண்தான். சுருதி மட்டும் சேராது. நீ பிறந்த பதினோராம் நாள் போய்விட்டாள்.

நான் அப்போது மின்சாதனக் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் மேசையில் இருந்தேன். மிக்ஸி ஓடவில்லை, ஃபேன் சுற்றவில்லை என்று போனில் அழுகிறவர்களுக்கு வழி சொல்வது வேலை. பாதிப் பேர் பிளக்கையே செருகியிருக்க மாட்டார்கள். ஆனால் அதை எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது என்பது எங்கள் மேசையின் சட்டம். சொன்னால் வாடிக்கையாளர் மனம் புண்படுமாம். அதைக் கழற்று, இதைத் துடை என்று நாலு வேலை வாங்கிவிட்டு, கடைசியில்தான் மெதுவாக சுவிட்ச் பேச்சை எடுக்க வேண்டும். மற்றவர் மானத்தைக் காப்பதில் எனக்குப் பதினோரு வருட அனுபவம்.

அந்த வேலையை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு உன்னை வளர்க்க வந்தேன். சொந்தக்காரர்கள் என்னைத் தியாகி என்றார்கள். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். குளிப்பாட்டியது நான், பீ துடைத்தது நான், காய்ச்சலில் தோளில் போட்டு நடந்தது நான். ஆபீஸ் போகும்முன் உன் அப்பா பிளேயரை ஒரு சின்ன ஸ்பீக்கரில் செருகி வைப்பான், மத்தியானமானால் நான் அதை ஓட விட வேண்டும். அவள் பாடுவாள். நீ என் மடியில் படுத்துக்கொண்டு அவள் குரலுக்குச் சிரிப்பாய். இறந்தவர்களுக்கு அது ஒரு வசதி, கை வலிக்காது.

பத்தாம் மாதம் முதல் வார்த்தை பேசினாய். "ம்மா" என்றாய், ஸ்பீக்கரைப் பார்த்துக் கையை நீட்டி.

எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. அன்றும் ஒரு வாய் குறையாமல் ஊட்டினேன். மறுநாள் பிளேயரைத் துடைக்கும்போது பக்கத்திலிருந்த குட்டி விசையை மேலே தள்ளிவிட்டேன். பையில் கிடக்கும்போது பொத்தான்கள் தானாக அழுந்தாமலிருக்க வைத்த பூட்டு அது. பூட்டிவிட்டால் எதை அழுத்தினாலும் பாடாது. திரையில் ஒரு சாவிப் படம் மட்டும் வந்து போகும்.

தட்டி, ஊதி முடித்து உன் அப்பா வந்தான்.

"நீதான் இதுல கெட்டிக்காரியாச்சே, கொஞ்சம் பாரேன். என்னமோ சாவி படம் வருதுக்கா."

"பேட்டரி தீந்துபோச்சுன்னு அர்த்தம்டா."

நம்பினான். நாலு வருடம் இன்ஜினியரிங் படித்தவன்.

புது பேட்டரி போட வைத்தேன். பேட்டரி உட்காரும் தகட்டை ரப்பரால் தேய்க்க வைத்தேன். வயரை மாற்ற வைத்தேன். ஈரம் இறங்கியிருக்கும் என்று அரிசி டப்பாவில் புதைக்கச் சொன்னேன். வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் அதைத் திறந்து திறந்து பார்த்தான், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவன் மாதிரி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி போட்டு வைக்கணும்க்கா என்று பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவனும் இவன்தான். சொல்வதில் அவனிடம் ஒரு குறையும் கிடையாது.

நீ மத்தியானத் தூக்கம் விட்டு அழுதாய். நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வாடிக்கையாளர்களும் இரண்டாவது வாரம் போன் செய்ய மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றான். நீ ஆபீஸுக்குப் போ, நான் போகிறேன் என்றேன். மெக்கானிக் நகத்தால் விசையைக் கீழே தள்ளினார்.

"லாக் போட்டிருக்கும்மா, அவ்வளவுதான். வீட்டுல யாரும் பாக்கலையா?"

அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். இது உன் தலகாணி, இது உன் பால்புட்டி, இது யாரு சொல்லு என்று கேட்டு, அவளே பதிலும் சொல்லிச் சிரித்தாள். பழசாக வாங்கியது, யார் குரலோ, எல்லாவற்றையும் அழித்துக் கொடுங்கள் என்றேன். மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கைக்கொழந்தைக்குப் பேசறாங்கம்மா. எனக்குக் கை வரல. வேணும்னா நீங்களே பண்ணிக்குங்க."

எங்கே அழுத்துவது என்று காட்டிவிட்டு, ஒரு ரேடியோவைத் திறந்துவைத்துக் குனிந்துகொண்டார். எல்லாவற்றையும் அழிக்கவா, நிச்சயமா என்று கேட்டது பிளேயர். நம் வீட்டில் யாரும் என்னிடம் அத்தனை மரியாதையாக எதையும் கேட்டதில்லை. நிச்சயம் என்று அழுத்தினேன்.

ஆத்திரத்தில் செய்தேன் என்று மட்டும் நினைக்காதே. அதற்கு முந்தைய நான்கு நாளும், உன் அப்பா ஆபீஸ் போன பிறகு, அரிசியிலிருந்து எடுத்துப் பூட்டைத் திறந்து இயர்போனைக் காதில் மாட்டிக்கொள்வேன். நீ தொட்டிலில் அழுதுகொண்டிருப்பாய். நாற்பத்து மூன்றையும் வரிக்கு வரி மனப்பாடம் செய்தேன். நான் உனக்காகக் கட்டிய தாலாட்டு என்று உன் சிநேகிதிகளிடம் பெருமை பேசுவாயே, அது அவளுடையதுதான். சுருதியை மட்டும் சரிசெய்தேன். ஆக, உனக்கு வர வேண்டியது ஒன்றும் குறையாமல் வந்தது. வந்த வாய்தான் வேறு.

உள்ளே கருகிவிட்டதாம் என்று நான் வந்து சொன்னதும் உன் அப்பா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். பத்தே நாளில் நீ என்னைப் பார்த்து "ம்மா" என்றாய். யாரும் சொல்லித் தரவில்லை, நீயாகவே சொன்னாய். இருபத்தொரு வருடம் அப்படித்தான் கூப்பிட்டாய்.

இன்று காலை வந்து, "அத்தை, யார் அழிச்சது?" என்றாய். நான்தான். இன்னும் எத்தனை முறை கேட்டாலும் இதே நிதானத்தோடு சொல்வேன். அந்த முதல் வார்த்தையை மட்டும் மாற்றிக்கொண்டு கேள்.