நானூற்றுப் பன்னிரண்டாம் சீட்டை மூடியது யார்?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் மூத்த மருத்துவர்களே, ஓய்வுபெற்ற பின்னும் அழைப்பை மதித்து வந்திருக்கும் பெரியோர்களே, ஊசியும் மருந்தும் ஏந்தும் கைகளை ஒரு மாலைப்பொழுது மடியில் வைத்து அமர்ந்திருக்கும் செவிலியச் சகோதரிகளே, தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் வார்டு உதவியாளர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்கள் சற்று முன் என்னைப் புகழ்ந்தார்கள். நான் எழுதிய கருவியைப் புகழ்ந்தார்கள். "தப்பு செய்தவரைப் பெயரோடு காட்டிக்கொடுத்த கருவி" என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நான் வாங்கிக்கொள்ள முடியாது. ஏன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கொஞ்சம் நேரமாகும், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

இந்த மருத்துவமனையில் அறுநூறு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. வாரம் ஒரு முறை ஒரு மென்பொருள் அவற்றின் கதவுகளையெல்லாம் தட்டிப் பார்க்கிறது. எந்தப் பூட்டு பழசு, எந்தக் கதவு திறந்து கிடக்கிறது, எந்தப் பாஸ்வேர்டை வழிப்போக்கரும் ஊகித்துவிடலாம் என்று அறிக்கை தருகிறது. இதற்கும் ஸ்கேன் என்றுதான் பெயர். முதன்முதலில் இதைச் சொன்னபோது எலும்பு முறிவுப் பிரிவின் தலைமைச் செவிலியர், "கம்ப்யூட்டருக்கு ஸ்கேனா? வெறும் வயித்தோட வரணுமா சார்?" என்று கேட்டார்கள். சிரிக்கிறீர்கள். அவர்களும் மூன்றாம் வரிசையிலிருந்து சிரிக்கிறார்கள்.

அந்த அறிக்கை வாரத்துக்கு முந்நூறு பக்கம். யார் படித்தார்கள்? யாரால் படிக்க முடியும்? அச்சடித்தோம், அடுக்கினோம், அலமாரியில் அடைத்தோம். ஆகவே ஒரு சிறு கருவி எழுதினேன். அதில் படம் இல்லை, பொத்தான் இல்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதும். அது அறிக்கை முழுவதையும் படித்து, ஒவ்வொரு குறைக்கும் ஒரு சீட்டு திறக்கும். சீட்டுக்கு ஓர் எண், சரிசெய்ய வேண்டியவரின் பெயர், ஒரு கெடு. சரியாகும்வரை தினமும் காலையில் நினைவூட்டும். நீங்கள் அதற்கு வைத்த பெயர் நச்சரிப்பான். "உங்க நச்சரிப்பான் இன்னிக்கும் எனக்கு முன்னாடியே டியூட்டிக்கு வந்துடுச்சு சார்" என்று மருந்தகத்தார் என்னிடம் சொல்லாத வாரம் இல்லை.

இனி, சிரிப்பில்லாத பகுதிக்கு வருகிறேன்.

ஆறு வாரங்களுக்கு முன் ஆய்வகத்துக் கம்ப்யூட்டருக்குள் முகம் தெரியாத யாரோ நுழைந்தார்கள். மூன்று நாள் இரத்தப் பரிசோதனை முடிவுகள் அழிந்தன. நாற்பத்தாறு பேர் இரண்டாம் முறை கையை நீட்டினார்கள். ஒரு தாய்க்கு நடக்கவிருந்த அறுவைச் சிகிச்சை நான்கு நாள் தள்ளிப்போனது. எப்படி நுழைந்தார்கள் என்று நச்சரிப்பானைக் கேட்டார்கள். அது பதில் சொன்னது. சீட்டு எண் நானூற்றுப் பன்னிரண்டு. குறை: ஆய்வக இயந்திரத்தை வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டு இன்னும் மாற்றப்படவில்லை. பொறுப்பு: ஆய்வகத்தின் கம்ப்யூட்டர் பொறியாளர். நிலை: முடிந்தது. மூடியவர்: அதே பொறியாளர்.

செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி மூடிவிட்டார் என்று அந்தப் பெண் பொறியாளரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். வரும் திங்கட்கிழமை இறுதி விசாரணை. அன்றோடு வேலையே போகலாம்.

நேற்றுப் பிற்பகல் இந்த உரைக்காக ஓர் உதாரணம் தேடினேன். சீட்டுகளை ஒன்றாம் எண்ணிலிருந்து படித்து வந்தேன். தாவிப் படிக்க எனக்கு வராது. நானூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தேன். விசாரணையில் எல்லோரும் பார்த்தது அதன் முகப்பை மட்டுமே. உள்ளே அவர் எழுதியிருந்த பதிலை நேற்றுதான் படித்தேன். இதோ, எழுத்து மாறாமல்: "பார்த்தேன். மிஷின் கம்பெனிக்காரங்க வந்தாத்தான் பாஸ்வேர்டு மாத்த முடியும். ரொம்ப அவசரம். மேல சொல்லுங்க."

இதில் முடிந்தது என்ற சொல் எங்கே இருக்கிறது? மூடு என்ற சொல் எங்கே இருக்கிறது? உதவி கேட்ட குரலை ஒப்புதல் வாக்குமூலம் ஆக்கியது யார்?

நான்.

போன ஆண்டு உங்களில் பலர், வேலை முடிந்ததும் "முடிந்தது" என்று குறிக்காமல், பதிலில் "பார்த்தாச்சு" என்று எழுதிவிட்டுப் போனீர்கள். நச்சரிப்பான் விடவில்லை. மருந்தகத்தார் என் அறைக்கே வந்தார்.

"சார், பார்த்தாச்சுன்னா முடிஞ்சுபோச்சுன்னுதானே அர்த்தம்? அதுக்கு மேல அதுகிட்ட கெஞ்சணுமா?"

"அது யந்திரம்ப்பா. சொன்னாத்தான் தெரியும்."

"அப்போ சொல்லிக் கொடுங்க சார். நீங்கதானே பெத்தவரு!"

கருவியின் நிரலைத் திறந்தேன். ஒரு வரி சேர்த்தேன். ஒருவர் பார்த்தாச்சு என்பார், ஒருவர் பார்த்துட்டேன் என்பார். ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவாக, பதில் "பார்த்" என்று தொடங்கினாலே சீட்டை மூடு, மூடியவர் இடத்தில் பதில் எழுதியவர் பெயரைப் போடு என்று கட்டளையிட்டேன். மூடிய குறை அடுத்த ஸ்கேனில் மறுபடி தென்பட்டால் கண்டுகொள்ளாதே என்றும் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். பதினொரு வாரம் ஸ்கேன் அந்தக் குறையைச் சொன்னது. பதினொரு வாரமும் என் கருவி அதை உதறியது. நினைவூட்டல் நின்றுபோனதால், விஷயம் மேலே போய்விட்டது என்று அந்தப் பெண் நம்பினார்.

நோயாளியைப் பார்த்தாச்சு என்றால் வைத்தியம் ஆயிற்று என்று பொருள். குழந்தையைப் பார்த்துக்கொள் என்றால் காப்பாற்று என்று பொருள். பாம்பைப் பார்த்தேன் என்றால்? கண்டேன், அவ்வளவே, பாம்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது! காண்பதும் காப்பதும் நம் மொழியில் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. எது எது என்று நமக்குத் தெரியும். கருவிக்குத் தெரியாது. தெரியாததன் கையில் தீர்ப்பைக் கொடுத்தவன் நான்.

என் கண்ணை நான் எளிதில் நம்புவதில்லை. ஆகவே ஒரு சோதனைச் சீட்டு திறந்து, "பார்த்தேன், ஒன்றும் சரியாகவில்லை" என்று எழுதினேன். ஒரே நொடியில் "முடிந்தது" என்றது, மூடியவர் என்று என் பெயரைப் போட்டது. அந்தப் பெண்ணின் பதில் பதிவானது பத்து மணி பதினான்கு நிமிடம் ஏழாவது நொடி. சீட்டு மூடப்பட்டது எட்டாவது நொடி. எந்த மனிதக் கை ஒரு நொடியில் எண்ணி, ஏமாற்றி, மூடும்?

அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"நானே தெரியாம மூடிட்டேனோன்னு தினம் யோசிக்கிறேன் சார்," என்றார். "எங்க வீட்டுக்காரர்கூட 'நல்லா ஞாபகப்படுத்திப் பாரு'ன்னுட்டார். எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு."

"நீங்க மூடலம்மா. என் கருவி மூடுச்சு. நான் எழுதின வரி மூடுச்சு."

அவர் கேட்டார், "இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"சொல்வீங்களா?"

அவையோரே, அந்தக் கேள்வியோடுதான் இந்த மேடைப் படியில் ஏறினேன்.

தலைவர் அவர்கள் ஒரு துண்டுத்தாள் அனுப்பியிருக்கிறார்கள். "இதை விசாரணைக் குழுவில் பேசிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறது. மரியாதையோடு மறுக்கிறேன் ஐயா. பழி சொன்னது இந்த மேடை. கைதட்டியது இந்த மண்டபம். பழியை ஊரறியச் சொல்லிவிட்டு, பழியில்லை என்பதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வதா?

அங்கே பின்னால் யார் கேட்பது? "அப்போ பார்த்தாச்சுன்னு எழுதின நாங்களும் தப்பா சார்?" நல்ல கேள்வி. தப்பு என் வரியில் இருந்தது ஐயா. ஆனால் அந்த வரி இருநூற்று முப்பத்தொரு சீட்டுகளை மூடியிருக்கிறது. எத்தனை குறைகள் உண்மையிலேயே சரியாயின? எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவே பயமாக இருக்கிறது. அந்த வரியை நீக்கி, அத்தனை சீட்டுகளையும் திறந்துவிட்டேன். நாளைக் காலை உங்கள் திரைகளில் வந்து நிற்கும். மருந்தகத்தாருக்கு மட்டும் பத்தொன்பது.

தலைவர் அவர்களே, இந்தப் பாராட்டுப் பத்திரம் மேசையிலேயே இருக்கட்டும். பதிவுகளின் நகல் இந்த உறையில் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விசாரணை அறையில், குழுவுக்கு எதிரே, குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒற்றை நாற்காலி போடுவது வழக்கமாம். அதன் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லுங்கள். போடாவிட்டாலும் பரவாயில்லை. நான் நின்றுகொண்டே பதில் சொல்கிறேன். அவர் உட்கார்ந்து கேட்கட்டும்.

கசப்பான பேச்சைக் கலையாமல் கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. இங்கே இல்லாத அந்தச் சகோதரிக்கு முதல் வணக்கம். அவையில் இருக்கும் உங்கள் அனைவருக்கும் அடுத்த வணக்கம்.