இல்லாத பன்றிக்குக் காவல்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பகல், புதுக்குடியிருப்புக்குப் போன பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

“இவர் குளிசையை விட்டு ரெண்டு வருசம், அக்கா. எண்டாலும் வயல் காவல் கொட்டிலைக் கண்டவுடனை நெஞ்சு படபடக்குது. பட்டப்பகலிலை இல்லாத பண்டிக்குத் தகரம் அடிக்கிறார்.”

“என்ன குளிசையடி?”

“மூச்சு முட்டுற வருத்தத்துக்குக் குடுக்கிறது. இவர் காவலிலை நித்திரை வராமல் இருக்க விழுங்கினவர்.”

“நல்ல காவல்காரன்தான்!”

“பகிடி விடாதேங்கோ. நேற்று என்ரை மூத்தவளையே பண்டியெண்டு தடியோட கலைச்சவர்.”

மற்றப் பெண் சிரிப்பை நிறுத்தினாள்.

“இப்ப ஆரிட்டைப் போறாய்?”

“விசுவமடுவிலை மருந்துக்கடை வைச்சிருந்த ஐயாவிட்டை. இப்ப புதுக்குடியிருப்பிலை இருக்கிறாராம். நான் கண்டதில்லை. குளிசை குடுத்தவர் அவர்தான். மாத்து மருந்து தெரிஞ்சிருக்கும்.”

அந்த ஐயா நான்தான். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் குளிசையைக் கொடுத்திருந்தேன். அதுபோன்ற ஊக்க மருந்து உடலை விட்டுப் போன பின்பும் மூளைக் கலங்களில் ஆர்.என்.ஏ.யைப் பற்றிப்பிடிக்கும் புரதங்கள் மாறியே இருக்கலாம், அதனால் பழைய இடத்தைக் கண்டாலே மூளை விழித்துக்கொள்ளலாம் என்று பல வருடங்களின் பின் படித்தேன். அன்று அதுவும் தெரியாது, மாற்று மருந்தும் தெரியாது.

துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, புதுக்குடியிருப்பு வருமுன்பே உடையார்கட்டில் இறங்கிவிட்டேன்.