கடலுக்குக் கட்டுற கறண்ட் பில்

…அதைத்தான்கா சொல்றன், போன வருசம் மட்டும் ரெண்டுதரம் கூட்டினானுகள், கறண்டுக்கு! கூட்டினது காணாதெண்டு அதுக்கு மேல எண்ணெய்க்கெண்டு ஒரு காசாம், அது வேற. இந்தா, பில்லைப் பார் புள்ள. நீ டீச்சர்தானே, வாசி. வாசிக்கவும் வேணாம், நிறத்தைப் பார். சிவப்பு! வாற வெள்ளிக்குள்ள கட்டாட்டி வந்து வெட்டுவானுகளாம். நீ குத்து, உன்ர போனைச் சார்ச்சுக்குக் குத்து. அந்தக் கதவோரத்துப் பிளக்கில குத்து, மற்றதில நெருப்புப் பொறி பறக்கும். ஒரு போனுக்கு என்னகா கறண்ட்? அதுக்கெல்லாம் கணக்குப் பாக்கிற ஆளில்ல இந்தச் சீதேவிப்பிள்ளை. எவ்வளவு நேரம் புடிக்கும்? …ஒரு மணித்தியாலமோ! ம்… சரி சரி. அரைவாசி ஏறினாலும் கதைக்கலாம்தானே? சும்மா கேட்டன். இரி, அந்தக் கதிரையில இரி.

என்ன? …சத்தமாச் சொல்லுகா, மோட்டர் சத்தத்தில ஒண்டும் கேக்கல்ல. …ஓம், எங்கட கிணத்து மோட்டர்தான். விடியத் தொடங்கினா இப்பிடித்தான். எங்களுக்குப் பழகிட்டு. கதவைச் சாத்தினாச் சத்தம் குறையும். ஆனா கதவைச் சாத்தினா வெக்கை, வெக்கையெண்டா ஃபேன் போடணும், ஃபேன் போட்டா எங்கட மனிசன் எங்க இருந்தாலும் ஓடி வந்து நிப்பாட்டுவார். அவர்ர சிக்கனத்தைக் கேளு. இந்த வீட்டில ஆறு ஹோல்டர் இரிக்கி. பல்பு எத்தினை தெரியுமா? ஒண்டு! சமைக்கக்குள்ள அது குசினியில. சாப்பிடப் போகக்குள்ள அதைக் கழட்டி, துண்டால புடிச்சுக் கொண்டு ஓடி வந்து விறாந்தையில பூட்டுவார். மறுகா அறைக்குள்ள. நாங்க எல்லாரும் பல்புக்குப் பின்னால நடக்கிற. போன மாசம் கை சுட்டெண்டு விட்டுட்டார், பல்பு சுக்குநூறு. புதுப் பல்பு வாங்கின சல்லிக்குப் பழைய பல்பை ஒரு கிழமை விடிய விடிய எரிச்சிரிக்கலாம்! பேருதான் கந்தப்போடி, பெரிய வயல்காரப் போடியார் மாதிரி. ஒரு துண்டு வயலில்ல. ஆனா எனக்குப் பாடம் எடுக்கிறதுக்கு மட்டும் போடியார்தான். "சின்னச் சின்னதா மிச்சம் புடிக்கணும் சீதேவி" எண்டு சொல்றார்.

மகள் ஆர்த்திகா சட்டை ஒண்டு ஸ்திரிக்கை போட்டாலும் போச்சு. மீட்டருக்கு முன்னால போய்க் கைய கட்டிட்டு நிண்டு, அந்தச் சில்லு சுத்திறதப் பாப்பார். "சீதேவி, மோட்டரைப் போட்டா இது பேய் புடிச்ச மாதிரிச் சுத்துது" எண்டார். நான் சொன்னன், மீட்டர் பழுது, மோட்டரைக் குத்தம் சொல்லாதீங்க எண்டு. பழுதுதான் புள்ள! பில் கொண்டு வாறவனிட்டயும் சொன்னன். அவன் கிணத்தடியப் பாத்தான், என்னைப் பாத்தான், சிரிச்சிட்டுச் சைக்கிளில ஏறிட்டான். படிச்ச பொடியனுகளுக்கு மரியாதை தெரியா.

கறண்ட் மட்டுமெண்டாப் பரவாயில்ல. கேஸ்! ஒரு சிலிண்டர் முந்தி ரெண்டு மாசம் கிடக்கும். இப்ப பருப்பு அவியுதில்லகா! உப்புத் தண்ணியில பருப்பு எப்பிடி அவியும்? அடுப்பில வெச்சிட்டு, வளவு கூட்டி, குளிச்சு, கோயிலுக்கும் போய்ட்டு வந்து மூடியத் திறந்தாலும் அது வெச்ச மாதிரியே முழிச்சிட்டுக் கிடக்கு. சோப்பும் அப்பிடித்தான். தேய், தேய், தேய், சோப்புத்தான் தேயுது, நுரையக் காணல்ல. இவர்ர வெள்ளைச் சாறன் எல்லாம் மண் நிறத்துக்கு வந்திட்டு. மோட்டர் ரெண்டு தரம் எரிஞ்சு, ஏறாவூர் ஹமீட் காக்கா வந்துதான் உள்ளுக்குக் கம்பி சுத்தித் தந்தவர். "அக்கா, இதுவும் ஒரு சீவன்தான், கொஞ்சம் ஆறவிடுங்க" எண்டார். ஆறவிட்டாக் கிணத்து உப்பை ஆரு இறைக்கிற? அவரோ? இதுக்கு மேல குடிக்கிறதுக்கு லொறியில வாற பவுசர் தண்ணி, அதுக்கும் காசு.

சண்டை முடிஞ்சா எல்லாம் மலியும் எண்டானுகள். மே மாசம் சண்டை முடிஞ்சுதெண்டு ஆமிக்காரனுகள் சந்தியில நிண்டு போறவாற ஆக்களுக்கெல்லாம் பாற்சோறு குடுத்தானுகள். நானும் ஒரு துண்டு வாங்கினன். அவடத்த வாங்காம வரலாமா? அடுத்த மாசப் பில் வந்துது. அந்தப் பாற்சோத்துக்கும் சேத்துப் போட்டிரிக்கானுகள்.

சுனாமிக்கு முதல் இந்தக் கிணத்துத் தண்ணி எப்பிடி எண்டு நினைக்காய்? சீனி போடாமத் தேத்தண்ணி குடிக்கலாம். அண்டைக்கு அந்தக் கடல் வந்துது… வந்துது, போச்சு. என்ர தம்பி கோணாமலையக் கொண்டுதான் போச்சு. எனக்கு அவன் ஒருத்தன்தான் புள்ள. போனதெல்லாம் போச்சு எண்டு அழுது முடிச்சு, முகாமில இருந்து வந்து பாத்தா, கொஞ்சக் கடல் போகவே இல்ல! என்ர கிணத்துக்குள்ள குந்திட்டு இரிக்கி! வாடகை இல்ல, முற்பணம் இல்ல, வளவுக்காரி எண்ட மரியாதை இல்ல. என்ர தம்பியத் திண்டுட்டு என்ர வளவுக்குள்ளயே குடியிரிக்கிறதுக்கு அதுக்கு எவ்வளவு நெஞ்சு வேணும், சொல்லு! நான் விடுவனா? இறைச்சே துரத்திறன் எண்டு நிண்டன். இண்டுவரைக்கும் நிக்கிறன். இந்தச் சிவத்தப் பில் எனக்கு வந்ததெண்டா நினைக்காய்? கடலுக்கு வந்த பில். நான் கட்டுறன்.

முதல்ல வந்து இறைச்சது நிவாரணக்காரப் பொடியன்தான். தொப்பி, மஞ்சள் சட்டை, முதுகில அவனை விடப் பெரிய பை. மிசின் ஒண்டு கொண்டு வந்து சேறு, மணல், ஆரோ ஒராள்ர ஒத்தைச் செருப்பு எல்லாத்தையும் எடுத்து ஒருக்கா இறைச்சான். ஒருக்கா! மறுகா மிசினைக் கட்டிட்டான். "அம்மா, இனி இறைக்காதீங்க, கொஞ்சமா அள்ளிப் பாவிங்க, மிச்சத்தை மழை பாத்துக் கொள்ளும்" எண்டான். எனக்கு வந்துதே ஒரு சிரிப்பு! மழை வந்து பாக்கிறதுக்கு நான் என்ன வட்டையில வெதைச்ச நெல்லா? டீசல் மிச்சம் புடிக்கிறான் எண்டு எனக்கு விளங்காதா? ஒருக்கா இறைச்சு இவ்வளவு அழுக்குப் போகுதெண்டா, நாளாந்தம் இறைச்சா எவ்வளவு உப்புப் போகும்? பள்ளிக்கூடம் போகாத எனக்கே அந்தக் கணக்குத் தெரியுது. எங்கட மனிசன்ர கையில கொஞ்சம் நிவாரணச் சல்லி இருந்திச்சு. கட்டில் வாங்கப் போறன் எண்டு நிண்டவர். புடுங்கி மோட்டர் வாங்கினன். இப்பவும் பாயிலதான் படுக்கார்.

ஆர்த்திகாட விசயம் தெரியும்தானே? …தெரியாதோ? கேதீஸ்வரி சொல்லல்லயோ? அவள்ர வீட்டில வாடகைக்கு இரிக்கிற உனக்கே அவள் சொல்லல்லயெண்டா அது பெரிய புதினம்தான். கல்யாணம் பேசிட்டு இரிக்கம்கா. பொடியன் களுவாஞ்சிக்குடியில கந்தோரில கிளாக்கர். எங்கட பக்கத்தில மாப்பிள்ளைதானே பொம்புளட வீட்டுக்கு வந்து இரிக்கிற, உங்கட கதிரவெளியிலயும் அப்பிடித்தானே? வீடு, வளவு, கிணறு எல்லாம் ஆர்த்திகாட பேரில எழுதிறம் எண்டாச்சு. ஆனியில பொடியன்ர தாய் ஆச்சிப்பிள்ளை வந்தா. பொம்புளையப் பாத்தா, சரி. வீட்டைப் பாத்தா, சரி. மறுகா எழும்பிக் கிணத்தடிக்குப் போனா புள்ள! கைப்பிடியளவு தண்ணி எடுத்து வாயில ஊத்தினா, கொப்புளிச்சா, துப்பினா, சீலைத் தலைப்பால வாயைத் துடைச்சிட்டு, "என்ர மகன் இதையோ குடிச்சிட்டு இரிக்கிற?" எண்டு கேட்டா. ஆவணியில திரும்பி வாறாவாம், தண்ணி மாறியிருந்தா நாள் வைக்கலாமாம்! பொம்புள பாக்க வாறதக் கண்டிரிக்கன், நகை பாக்க வாறதக் கண்டிரிக்கன், தண்ணி பாக்க வாறத என்ர சீவியத்தில இப்பதான் காணறன். மகனுக்குப் பொம்புள தேடுறாவோ, மாடு கட்ட இடம் தேடுறாவோ?

சிரிக்காத. நானும் சிரிச்சுத்தான் சொல்றன், ஆனா ஆர்த்திகா அண்டைக்கு ராவு சாப்பிடல்ல. புள்ளைக்கு அந்தப் பொடியனைப் புடிச்சுப் போச்சு. அதுதான் எனக்கு நெஞ்சுக்குள்ள குத்திக் கொண்டு கிடக்கு. இந்த உப்பால என்ர புள்ளட கல்யாணம் குழம்பிச்செண்டா, நான் எங்க கொண்டு போய் முகத்தை வைக்கிற? அண்டையில இருந்து ரெண்டு நேரம் இறைச்சத மூண்டு நேரமாக்கிட்டன். பில் சிவக்காமப் பின்ன என்ன செய்யும்? ஆவணி பிறந்திட்டு. இண்டைக்குப் பின்னேரம் வாறாங்க. இண்டைக்குத்தான்கா! காலம ஒரு வாய் குடிச்சுப் பாத்தன்… ஆனியை விட உப்பு. என்ன மாயமெண்டு விளங்கல்ல. இண்டைக்கெண்டு பாத்துப் பவுசரும் வரல்ல. வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி எதில ஊத்திற, என்ர கண்ணீரிலயோ? அதுவும் உப்புத்தான்.

என்ன? …கேதீஸ்வரிட கிணத்துத் தண்ணியோ? அந்தக் கதை வேணாம்! நீ அங்க இரிக்காய் எண்டு உன்னை ஒண்டும் சொல்லல்ல. ஆனா அவளப் போலச் சோம்பேறிய நான் கண்டதில்ல. கறண்ட் எடுக்கல்ல, மோட்டர் இல்ல, அந்த நிவாரணக்காரப் பொடியன் ஒருக்கா இறைச்சான், அதோட விட்டுட்டாள். கைவாளியால குளிக்க ரெண்டு, சமைக்க ரெண்டு, அவ்வளவுதான். மழை பெஞ்சா மழை, வெயில் எறிச்சா வெயில் எண்டு குந்திட்டு இருந்தவள். அப்பிடிப்பட்டவள், அம்மன் சடங்குக்குச் சமைக்கக்குள்ள எல்லாப் பொம்புளையளுக்கும் முன்னால என்ன சொன்னவள் தெரியுமா? "சீதேவியக்கா வீட்டுத் தண்ணியெண்டாக் கறிக்கு உப்பு வாங்கத் தேவையில்ல" எண்டாள்! எல்லாரும் சிரிச்சாளுகள். எனக்கும் சிரிப்பு வந்துதுதான், காட்டிக்கொள்ளல்ல. அண்டையில இருந்து அவளோட கதையில்ல. ஊர்ச்சனம் அவளிட்டப் போய்த்தான் குடிக்க அள்ளுது. அள்ளட்டும். அவள்ர கிணறு இனிக்குதெண்டா அது அவள்ர அதிட்டம். ஒரு வேலிதான் நடுவில, ஆனா அங்கால மண் வேற.

என்னகா அப்பிடிப் பாக்காய்? …சொல்லு. …உங்கட கதிரவெளி வீட்டுக் கிணறோ? …ம். சுனாமிக்கு உப்பாப் போச்சு. சரி, எல்லாருக்கும்தானே. …மறுகா சண்டைக்குள்ள ஓடி வந்தீங்க. ஓம், அந்த நேரம் அங்க ஒரு குருவி கூட இருக்கல்ல எண்டு நாங்களும் கேள்விப்பட்டம். …திரும்பிப் போகக்குள்ள கிணத்துக்கு மேல கொடி படர்ந்து கிடந்துது. சரி. …வெட்டிட்டு அள்ளினா? …நல்ல தண்ணியோ! ஆரும் இறைக்காமலோ? …ஒரு வாளி கூடப் போடாமலோ?

இரி. இரி புள்ள, கொஞ்சம் கதைக்காத.

அந்த நிவாரணக்காரப் பொடியன் இன்னும் ஒண்டு சொன்னவன். இப்பதான் ஞாபகம் வருது. எங்கட ஊருக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் வாவி, அடியில எல்லாம் உப்பு எண்டான். மழைத்தண்ணி அதுக்கு மேல மிதந்திட்டு இரிக்கிதாம். மேல உள்ளதக் கனக்க இறைச்சா அடியில உள்ளது ஏறி வரும் எண்டான். அவன் சொல்லிட்டு இருந்தான், நான் அவன்ர தொப்பியப் பாத்திட்டு நிண்டன்.

அப்ப நான் துரத்தல்ல… நாலரை வருசமா நான் அதைத் துரத்தல்ல. கறண்ட் குடுத்துக் கூப்பிட்டிரிக்கன்! போகப் பாத்ததையும் போகவிடாமக் கையப் புடிச்சு இழுத்திரிக்கன்! பருப்பு அவியாதது, சோப்பு கரைஞ்சது, ஹமீட் காக்காக்குக் குடுத்தது, பவுசர்காரனுக்குக் குடுத்தது, எங்கட மனிசன்ர கட்டில்… ஐயோ, அந்தப் பாவி மனிசன் ஒத்தைப் பல்பைத் தூக்கிட்டு அறை அறையா ஓடித் திரியிறாரே!

ஆர்த்திகா! அடியே ஆர்த்திகா! மோட்டரை நிப்பாட்டு! …இல்லடி, பழுதில்ல, நிப்பாட்டு எண்டு சொல்றன்!

…

என்னகா இது, இப்பிடி அமைதியா இரிக்கி. …அது என்ன இரைச்சல்? …கடலோ? இவ்வளவு கிட்டவோ கிடக்கு? சனியன், இன்னும் அங்கதான் இரிக்கி.

எழும்பிட்டியோ? போன் கிடக்கட்டும்கா, நல்லா ஏறட்டும், முழுசா ஏறட்டும், இனி எனக்கென்ன. …நீ ஒரு வேலை செய். இந்தா, இந்தக் குடத்தைக் கொண்டு போ. கேதீஸ்வரிட கிணத்தில ஒரு குடம் அள்ளிக் கொண்டு வா. ஆருக்கெண்டு சொல்லாத, உனக்கெண்டு சொல்லு. …ஓம், நீ அங்கதானே இரிக்காய், குடத்தோட வெளியில வந்தா அவளுக்குத் தெரிஞ்சிரும். ம். …சரி, எனக்கெண்டே சொல்லு. சீதேவியக்கா கேட்டவ, ஆர்த்திகாவப் பாக்க வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி ஊத்த எண்டு சொல்லு. சிரிப்பாள். சிரிக்கட்டும், அவளுக்குச் சிரிக்க உரிமை இரிக்கி. ஆச்சிப்பிள்ளை கேட்டா நான் மெய்யைத்தான் சொல்லப் போறன், அடுத்த மாரிக்குப் பிறகு வந்து எங்கட கிணத்தைப் பாருங்க எண்டு. போ, கெதியாப் போ.

…

புள்ளே! டீச்சர் புள்ளே, இஞ்ச பார்! வேலிக்கு மேலால எனக்கு எல்லாம் தெரியுது! ஏன் அந்த விசையில அள்ளுறாய்? மெல்லமா! ஆ, கேதீஸ்வரி, நீயும் நிக்கியோ… டீச்சருக்குச் சொல்லுகா, ஒரு குடம் காணும், ஒண்டே ஒண்டு! அதுக்கு மேல வாளியப் போட விடாத, உன்ர கிணத்தையும் கெடுத்துப் போடுவம்!