நன்மை வாங்க அஞ்சியவர்

வாசகப் பெருமக்களே, போர்க்கால நெரிசலில் திருத்தணி இரயில் நிலையத்துப் பயணச்சீட்டு வரிசையில் என் செவி கேட்டதற்கு இனி நீங்களே சாட்சிகள். எனக்கு முன்னே இருவர் நின்றனர்: ஒருவர் குடியை விட்ட நெசவாளர், மற்றவர் குடியரை மீட்கும் திருப்பணிக்குப் பயிலும் இளைய உபதேசியார்.

“மாதா கோயிலுக்கு ஏண்ணா வர்றதே இல்ல?”

“பயந்துகினு இருக்கேன் நைனா. பூசையில நன்மைன்னு சாமி பிரசாதம் வாங்கினா, சாமியார் திராட்ச சாராயம் ஊத்துவாராமே? ஒரு சொட்டு நாக்குல பட்டா, மறுபடி கள்ளுக்கடைதான்.”

உபதேசியார் வாய்விட்டுச் சிரித்தார்.

“அத சாமியார் மட்டுந்தாண்ணா குடிப்பாரு. நமக்கு வெறும் அப்பந்தான்.”

“மெய்யாவா?”

“ஆங், மெய்தான்.”

“அவுருக்கு மட்டுமா? குடுத்து வெச்ச மனுசன்!”

நெசவாளர் நெடுமூச்செறிந்தார். பிறகு, வரிசையே திரும்பிப் பார்க்குமாறு உரக்கச் சொன்னார்:

“வர்ற ஞாயித்துக்கெழம பொண்டாட்டியக் கூட்டிகினு முதல் ஆளா வந்து நிப்பேன்!”