கடைசி வண்டிக்கு நீளக் கம்பி

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதிதில், ஒரு காலை ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் பஸ்ஸை ஒட்டி ஒரு போலீஸ் ஜீப் நின்றது. அதன் பின்னால் வயர்லெஸ் கம்பி நீளமாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“லாரிக்கு வெக்கறதுன்னா இந்த மாதிரி நீளக் கம்பிதான்க்கா வெக்கணும்.”

லாரிக்கு எதற்கு வயர்லெஸ் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மூத்தவளும் சிரித்தாள்.

“புளியமரத்துக் கிளையில மாட்டிக்கினு ஒடஞ்சி பூடும்டி. குட்டையா ஒண்ணு வெச்சா பத்தாதா?”

“குட்டைன்னா ரொம்ப தூரம் எட்டாதாம். போலீசு ஜீப்பு ஓட்டற எங்க தம்பி சொன்னான்.”

“அவங்க மூணு லாரியும் எப்பவும் ஒண்ணாத்தான போவும்?”

“அதான் மூணுத்துக்கும் வெக்கணும். கடைசி வண்டிக்கு மட்டும் இருக்கறதுலயே நீளமா.”

மூத்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“உன் ஊட்டுக்காரரப் பத்தி போலீசு எதுனா சொன்னாங்களா?”

“இன்னும் தேடிக்கினுதான் கீறாங்களாம். வண்டியும் கெடைக்கலயாம்.”

“எவ்ளோ நீளமா வெச்சாலும் நம்ம ஊடு வரிக்கும் கேக்காதுடி.”

“எனக்குக் கேக்க வாணாங்க்கா. முன்னாடி ஓட்டிக்கினு போன உங்க ஊட்டுக்காரருக்குக் கேட்டிருந்தா, வண்டியத் திருப்பிக்கினு வந்திருப்பாரு இல்ல?”

கேட் திறந்தது. ஜீப் கிளம்பிப் போனது. பஸ் தண்டவாளத்தைத் தாண்டும்போது மூத்தவள் சொன்னாள்.

“அவரு இப்பல்லாம் ரோட்டப் பாக்கறதே இல்லடி. சைடு கண்ணாடியப் பாத்துக்கினேதான் ஓட்றாரு.”